இரண்டு மணி வரைக்கும்

பிற்பகல் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் போன் அடித்தால் போச்சு. அடிக்காவிட்டால் பிழைத்தோம். இறுதித் தேர்வு முடிவு வரும் நாளில் மரிட்டின் பள்ளியில் இதுதான் வழக்கம். தோற்ற பிள்ளைகளை வகுப்பாசிரியர் போஸ்துமா அந்த ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். தேறியவர்களுக்கு இரண்டு மணிக்கு மேல்தான் அழைப்பு. கெட்ட சேதியைக் காக்க வைக்கக் கூடாது, நல்ல சேதி காத்திருக்கலாம் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்து வைத்த ஏற்பாடு. அந்த ஆளுக்குச் சொந்தப் பிள்ளைகள் இருந்திருக்க வாய்ப்பில்லை.

போன வருடம் ஒன்று இருபதுக்கு அடித்தது. மரிட்டின் அம்மா யிட்ஸ்கே அப்போது வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் வெள்ளரிக்காய் வாங்கவே இல்லை. அதைவிட அவள் மனதில் நின்றது வேறொன்று. பிள்ளை தேறிய வீட்டில் வாசலில் நாட்டுக் கொடியை ஏற்றி, கம்பத்தின் நுனியில் அந்தப் பிள்ளையின் பள்ளிப் பையைத் தொங்கவிடுவது ஊர் வழக்கம். அவள் கணவன் வீப்ரன் முந்தின நாளே பையைக் கம்பத்தில் கட்டி, நடையில் தயாராகச் சாத்தி வைத்திருந்தான். போன் வந்த பிறகு அவன் உட்கார்ந்து அந்த முடிச்சை அவிழ்த்தான். மாடு கட்டுகிறவன் போட்ட முடிச்சு, அவிழ வெகுநேரம் ஆனது.

இது இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை அந்தப் பள்ளியில் உட்கார முடியாது. ராட்டர்டாமில் கப்பல் அதிகாரிகளுக்கான கல்லூரியில் மரிட்டுக்கு இடம் வைத்திருந்தார்கள். போன வருடமும் வைத்திருந்தார்கள், கை நழுவியது. பால் மாடும் புல்வெளியும் தவிர வேறெதுவும் இல்லாத ஊரில் பிறந்த பெண்ணுக்குக் கப்பல் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. ஏழு வயதில் பிடித்தது, விடவில்லை.

"இந்தத் தடவை வீட்டுல உக்காந்து போனையே பாத்துட்டிருக்க என்னால முடியாதும்மா. ராட்டர்டாம் போவோம். ஊர் சுத்துவோம். ஒரு மணி வந்தா வரட்டும்" என்றாள் மரிட்.

வீப்ரன் வரவில்லை. கேட்டால் மாட்டைச் சாக்குச் சொன்னான். உண்மையில் அவனுக்குக் கை நடுக்கம், அதை ரயிலில் இரண்டரை மணி நேரம் மறைக்க முடியாது.

காலையில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து தாயும் மகளும் ஓடிய ஓட்டம் ஊர் பார்க்கிற ஓட்டம் மாதிரி இல்லை, கடன்காரனுக்குப் பயந்து ஓடுகிற ஓட்டம் மாதிரி இருந்தது. பெட்டியை மூலையில் நிறுத்திச் சாய்த்து வைத்தது போன்ற மஞ்சள் வீடுகளை அண்ணாந்து பார்த்தார்கள். "இதுல அலமாரிய எந்தப் பக்கம் சாத்துவாங்க?" என்று யிட்ஸ்கே கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை, அடுத்த இடத்துக்கு நடந்தார்கள். ஆற்றில் படகு டாக்சி ஏறினார்கள். வெள்ளைப் பாலத்துக்கு அடியில் ஓட்டுநர் வேண்டுமென்றே ஒரு திருப்பு திருப்பினான். யிட்ஸ்கேயின் நல்ல கால்சட்டை முழங்கால் வரை நனைந்தது. மரிட் கத்திச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்காக இன்னொரு கால்சட்டையும் நனையலாம் என்று தோன்றியது பெற்றவளுக்கு.

கரையேறியதும், உப்பில் ஊறவைத்துப் பச்சையாகவே தின்கிற புது ஹெர்ரிங் மீன் வாங்கினார்கள். யிட்ஸ்கே வாலைப் பிடித்துத் தலையை அண்ணாந்து, வெங்காயத்தோடு ஒன்றை முழுசாக உள்ளே விட்டாள். மரிட் தன் மீனைத் தொடவே இல்லை. அப்போது மணி பன்னிரண்டரை.

அடுத்ததுதான் மரிட் இரண்டு வாரம் முன்பே பதிவு செய்து வைத்திருந்த சாகசம். ஆற்றங்கரைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரைக்கு இறங்குவது. முப்பது மாடி உயரம். ஒன்றேகாலுக்கு உச்சிக்குப் போக வேண்டும், போனைக் கீழே கொடுத்துவிட வேண்டும்.

"வேணும்னுதான இந்த நேரத்தப் பாத்து வாங்குன?" என்றாள் யிட்ஸ்கே.

"ஆமா. கயித்துல தொங்குறவளுக்கு போஸ்துமா சார் என்ன சொல்ல முடியும்?"

"அப்போ நான் கேக்கணுமா?"

"நீதானம்மா பெத்த" என்று சொல்லிப் போனை அம்மாவின் கையில் திணித்துவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டாள் மகள்.

கீழே புல்தரையில், இறங்கி வருகிறவர்களின் கொக்கியைக் கழற்றிவிட அதில்சன் என்றொரு ஆள் நின்றிருந்தான். நல்ல பருமன், தலையில் ஆரஞ்சு ஹெல்மெட், வாயில் ஓயாத பேச்சு. யிட்ஸ்கே போனை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"இன்னைக்கு ரிசல்ட்டா? என் தங்கச்சிக்கும்தான். அவ பாத்ரூம்ல போய்க் கதவச் சாத்திக்கிட்டா. உங்க பொண்ணு பரவால்ல, தைரியசாலி, கோபுரத்துல ஏறிட்டா."

"உங்க தங்கச்சிக்குப் போன் வந்துச்சா தம்பி?"

"அவங்க ஸ்கூல்ல ராத்திரி மெயில் அனுப்புவாங்களாம். அதுவரைக்கும் எங்க வீட்டுல ஒருத்தரும் பாத்ரூம் போக முடியாது."

யிட்ஸ்கே தன்னையறியாமல் சிரித்தாள். உச்சியில் ஒரு புள்ளி விளிம்பைத் தாண்டிக் கால் வைத்தது. சிவப்புச் சட்டை. ஒன்று முப்பத்தைந்து. இன்னும் இருபத்தைந்து நிமிடம். அந்தச் சிவப்புச் சட்டை ஒவ்வோர் அடியாக இறங்க இறங்க, இவள் ஒவ்வொரு நிமிடமாக எண்ணினாள்.

ஒன்று நாற்பத்திரண்டுக்குப் போன் அடித்தது.

திரையில் 'போஸ்துமா சார்' என்று இருந்தது. யிட்ஸ்கே அதையே வெறித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. எடுக்காத வரைக்கும் மகள் தோற்கவில்லை என்று ஒரு கணக்கு அவள் தலைக்குள் ஓடியது. அபத்தம் என்று தெரிந்தேதான் ஓடியது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடுத்துருங்கம்மா. இல்லேன்னா ஆத்துல வீசிருங்க. ரெண்டும் இல்லாம இப்பிடி நின்னா நீங்க விழுந்துருவீங்க, உங்களப் பிடிக்க என்கிட்ட கயிறு இல்ல" என்றான் அதில்சன்.

எடுத்தாள். மூன்று முறை அடித்திருந்தால் ஒருவேளை வீசியே இருப்பாள்.

"மரிட்டா?"

"அவ அம்மா பேசுறேன் சார். அவ மேல தொங்கிட்டிருக்கா. என்கிட்ட சொல்லுங்க. சீக்கிரம் சொல்லிருங்க."

"நீங்களா? நல்லதாப் போச்சு. உங்க நம்பர் என்கிட்ட இல்ல, அதான் இதுல கூப்பிட்டேன். வீப்ரன் எங்கங்க? கதவத் தட்டித் தட்டிக் கை வலிக்குது, போனும் எடுக்க மாட்டேங்குறார்."

"வீப்ரனா? கொட்டகைல இருப்பான். ஏன் சார்? நீங்க எங்க இருக்கீங்க?"

"உங்க வீட்டு வாசல்ல. யெல்மர் வீட்டுக்கு வந்தேன். போன்ல சொல்ல மனசு வரல, அதான் சைக்கிள எடுத்துட்டு நேர்லயே வந்தேன். பாவம், அழுதுட்டிருக்கான். வெளிய வந்து பாத்தா எதிர்த்தாப்புல உங்க வீட்டுல கொடி பறக்குது. பையோட!"

யெல்மர் எதிர் வீட்டுப் பையன், மரிட்டோடு ஒரே வகுப்பு. அவன் அறை ஜன்னல் இவர்கள் வாசலைப் பார்த்துத்தான் இருந்தது. அங்கே இந்த மனுஷன் கொடியை ஏற்றி வைத்திருக்கிறான். மகள் தோற்ற நாளில் ஊர் பார்க்க, பள்ளிப் பையோடு. போன வருடம் முடிச்சு அவிழ்த்தது போதாதென்று, இந்த வருடம் கொடியையும் எல்லார் கண் முன்னாலும் இறக்க வேண்டும்.

"சார், மன்னிச்சுருங்க. அவனுக்குப் பொறுமையே கிடையாது. நான் இப்பவே கூப்பிட்டு இறக்கச் சொல்றேன். எங்களுக்கே அவமானம்…"

"அவமானம்லாம் ஒண்ணுமில்ல. ஆனா கொடி இப்ப வேண்டாம். அந்தப் பையன் ஜன்னல்ல நிக்கிறான். நானும் இன்னும் உங்களுக்கு எதுவும் சொல்லல, சொல்லவும் கூடாது. ரெண்டு மணி வரைக்கும் இறக்கி வைக்கச் சொல்லுங்க."

யிட்ஸ்கே போனைக் காதோடு அழுத்தினாள். "ரெண்டு மணி வரைக்குமா?"

மறுமுனையில் போஸ்துமா சார் இருமத் தொடங்கினார். இருபத்தெட்டு வருடம் கட்டிக் காத்த ரகசியம் தன் வாயிலிருந்தே நழுவியது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"நான் ஒண்ணும் சொல்லலங்க" என்றார் கடைசியில். "ரெண்டு மணிக்கு மேல கூப்பிடுவேன். அப்பவாவது முதல் மணிலயே எடுங்க."

வைத்துவிட்டார். யிட்ஸ்கே ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கண்ணில் நீராகக் கொட்டியது. ஒரு வருடமாக அடக்கி வைத்தது அத்தனையும். அவள் அதைத் துடைக்கவில்லை. அவ்வளவு நிம்மதியாக அழுதாள்.

அதனால்தான் பிசகு ஆனது. தரையில் கால் வைத்த மரிட் பார்த்தது, புல்லில் உட்கார்ந்து அழுகிற அம்மாவையும் அவள் மடியில் கிடந்த போனையும்தான். மணி இரண்டாகவில்லை. அதில்சன் கொக்கியைக் கழற்றுவதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"கூப்பிட்டுட்டாரா?"

யிட்ஸ்கே அழுகையோடே தலையாட்டினாள்.

"சரி" என்றாள் மரிட். "சரிம்மா. அழாத. நான் மாடு கறக்குறேன். எனக்குக் கறக்கத் தெரியும்ல?"

"அடியே, கிறுக்கி!" யிட்ஸ்கேக்குக் குரல் பொத்துக்கொண்டு வந்தது. "உங்கப்பன் கொடி ஏத்திட்டான்டி. ரெண்டு மணி வரைக்கும் இறக்கி வைக்கணுமாம். ரெண்டு மணி வரைக்கும்தான்!"

மரிட்டுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு போட்ட கூச்சலில் அடுத்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்த ஆள் கோபுரச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அதில்சன் அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினான். பிறகு அவள் அம்மாவின் மேல் விழுந்து, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல், "நான் பாஸாம்மா? நெசமா?" என்று பத்துத் தரம் கேட்டாள்.

வீப்ரன் நாலாவது அழைப்புக்குத்தான் கிடைத்தான்.

"நான் ஏத்தலையே. பை தாங்குதான்னு பாத்தேன். போன வருசக் கயிறு, எலி கடிச்சிருந்துச்சு. சும்மா ஒரு தடவ சோதிச்சேன். அப்பறம் மாடு கத்துச்சு, போனேன்."

"முன்வாசல்லயா சோதிப்பாங்க?"

"வேற எங்க சோதிக்கிறது? கம்பம் சொருகுற வளையம் அங்கதான இருக்கு?" என்றான். பிறகு குரல் இறங்கியது. "யிட்ஸ்கே… போஸ்துமா எதுக்குக் கூப்பிட்டாரு?"

அவள் சொன்னாள். மறுமுனையில் அவன் மூக்கைச் சிந்துவதும் மாடுகள் கத்துவதும் கேட்டன.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் போன் அடித்தது. மரிட் முதல் மணியிலேயே எடுத்தாள். தெரிந்த சேதிதான், ஆனாலும் அவரைக் கடைசி வரை சொல்லவிட்டாள். பிறகு அவர்கள் மறுபடியும் மீன் கடைக்குப் போனார்கள். இந்த முறை மரிட் மூன்று தின்றாள். ஆற்றில் பெரிய சரக்குக் கப்பல் ஒன்று போனது. கடன்காரன் பயமில்லாமல் நின்று, அது வளைவில் மறையும் வரைக்கும் பார்த்தார்கள்.

சாயங்காலம் எட்டரைக்கு, அந்த ஊர்க் கோடை வெயில் இன்னும் மிச்சமிருக்கும்போது, தெருவுக்குள் நடந்து வந்தார்கள். வீட்டு வாசலில் கொடியும் இல்லை, பையும் இல்லை. எதிர் வீட்டு ஜன்னலில் திரை போட்டிருந்தது. மரிட் ஒரு நிமிடம் அந்த ஜன்னலைப் பார்த்து நின்றாள். "நாளைக்குப் போய்ப் பாக்குறேன் அவன" என்றாள். போன வருடம் முதல் ஆளாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தவன் யெல்மர்தான்.

வீட்டைச் சுற்றிக் கொல்லைப் பக்கம் போனார்கள். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், மாட்டுக் கொட்டகைக் கூரையில் ஏணி சாய்த்து, வீப்ரன் கம்பத்தை நட்டிருந்தான். கொடி பறந்தது. நுனியில் மரிட்டின் பழைய நீலப் பை ஆடியது. புல்வெளியில் நாற்பது மாடுகளும் மேய்வதை விட்டுவிட்டு அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன. வீப்ரனும் அவற்றோடு நின்றிருந்தான். தொப்பி கையில் இருந்தது. கை நடுங்கவில்லை.

"முடிச்சு கெட்டியா போட்டிருக்கேன்" என்றான் மகளிடம். "இனி அவுக்க வேண்டியதில்ல."