பொன்னுதுரை பேட்ஜில் ஓடியவர்

ராயபுரம் ஹார்பர் ஸ்டார்ஸ் பேஸ்பால் கிளப்புக்கு எழுபத்தைந்து வயதாகிவிட்டது என்பதை அதன் தலைவர் அய்யாத்துரை அண்ணாச்சி தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார். முதல் கமிட்டிக் கூட்டத்தில் அது வடசென்னையின் முதல் பேஸ்பால் அணியாக இருந்தது. இரண்டாவது கூட்டத்தில் சமோசா வந்தது, அணி தென்னிந்தியாவின் முதல் அணியானது. மூன்றாவதில் பிரியாணி. ஆசியாவைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளச் செயலாளர் படாதபாடு பட்டார்.

உண்மையில் அது மாவட்ட லீக்கின் இரண்டாவது டிவிஷனில் ஆடுகிற அணி. மூன்றாவது டிவிஷன் கிடையாது என்பதால் அங்கே நிற்கிறது. 1950இல் இன்ஜின் கெட்டுப்போன அமெரிக்கக் கப்பல் ஒன்று ஹார்பரில் மூன்று வாரம் கிடந்தது. பொழுது போகாத மாலுமிகள் மூட்டை தூக்குகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு ஆடினார்கள். அப்படிப் பிறந்ததுதான் இந்த அணி.

மைதான வாசலில் கல்வெட்டு வைப்பது என்று முடிவாயிற்று. முதல் அணியின் ஒன்பது பெயர்களும் அதில் வரவேண்டும். விழா மலருக்கு வரலாறு எழுதும் வேலை, அணிக்கு ஸ்கோர் எழுதும் பீம்ராவின் தலையில் விழுந்தது. பீம்ராவுக்கு அந்தக் கல்லில் ஒரே ஒரு பெயர் வேண்டும். அவன் தாத்தா சுப்பராயன் பெயர். புளியந்தோப்பு வீட்டில் அந்த முதல் அணியின் போட்டோ மாட்டியிருக்கிறது. நடுவில், கையில் மட்டையோடு, ஒல்லியாக, இடது புருவத்தில் வெட்டோடு நிற்பவர் சுப்பராயன்.

கமிட்டியில் இருந்த ராயபுரம் சாவியோ தன் அப்பா எழுதிய முதல் மேட்சின் ஸ்கோர் புத்தகத்தைக் கொண்டுவந்த அன்று குழப்பம் ஆரம்பித்தது. அதில் ஒன்பது பெயர்கள் இருந்தன. சுப்பராயன் இல்லை. நான்காவது பெயர் பொன்னுதுரை.

"எங்க தாத்தால்லா!" என்று எழுந்தே விட்டார் அண்ணாச்சி. "கேப்டன்னு போடுங்க."

"அண்ணாச்சி, உங்க தாத்தா ஹார்பர் கேட்டாண்ட கட வச்சிருந்தவரு. பேட்ஜ்தான் அவரு பேர்ல. அதுல மூட்ட தூக்குனது எங்க தாத்தா" என்றான் பீம்ராவ்.

அந்தக் காலத்தில் அது சகஜம். ஹார்பரில் மூட்டை தூக்க அனுமதி தரும் பேட்ஜ் ஒருவர் பெயரில் இருக்கும், முதுகு இன்னொருவருடையது, கூலியில் பங்கு. கப்பல்காரன் பேட்ஜைப் பார்த்துக் கொடுத்த பட்டியலைத்தான் சாவியோவின் அப்பா புத்தகத்தில் எழுதினார்.

"அப்ப போட்டோல நிக்கிறது யாரு?" என்று பீம்ராவ் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த படத்தைக் காட்டினார் அண்ணாச்சி.

"எங்க தாத்தா."

"எங்க தாத்தாவும் எளவட்டத்துல ஒல்லிதான், தம்பி."

"புருவத்துல வெட்டு?"

"பொறவு ஆறியிருக்கும்."

இதற்குள் விஷயம் வெளியே பரவியது. ஒரே முகத்துக்கு இரண்டு குடும்பங்கள் வந்தன. ஒரு பெயருக்கு மூன்று. திருவொற்றியூரிலிருந்து வந்த ஒருவர், படத்தில் இருப்பது தன் தாத்தாதான், ஆனால் எந்த ஆள் என்று தெரியவில்லை என்றார்.

"பேரு இன்னாருது, ஒடம்பு இன்னாருதுன்னு எவனுக்குமே தெர்ல மாமு" என்றார் சாவியோ.

"புத்தகத்துல உள்ள பேருதான் கல்லுல" என்று அண்ணாச்சி முடித்தார். "தம்பி, எங்க தாத்தா எப்படி ஆடுனாருன்னு வாசிங்க. அதையும் வெட்டிருவோம்."

அந்தப் புத்தகத்தில் பெயருக்கு எதிரே வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். அந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தவன் கமிட்டியில் பீம்ராவ் ஒருவன்தான். பக்கம் முழுக்க ஒரே ஒரு கட்டம் கறுப்படித்திருந்தது, பொன்னுதுரைக்கு எதிரே. கறுப்படித்தால், ஓடியவர் மூன்று பேஸையும் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து ரன் எடுத்தார் என்று அர்த்தம். பதினாலுக்கு ஒன்று என்று தோற்ற மேட்சில் அந்த ஒன்று அதுதான். அதை எடுத்தவர் சுப்பராயன்.

பீம்ராவ் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தான்.

"கறுப்பு அட்ச்சா அசிங்கம் அண்ணாச்சி" என்றான். "பந்த அட்ச்சிட்டு ஒண்ணாம் பேஸுக்கு ஓடாம மூணாம் பேஸுக்கு ஓடிக்கிறாரு. கப்பல்காரன்லாம் வயித்தப் புட்ச்சிகினு சிரிச்சிருப்பான்."

"ஒரு தடவதானே?"

"ஒரு தடவ போதாதா?"

டீ ஆறியது. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் புருவ வெட்டு எங்க வம்சத்துல யாருக்கும் கெடையாது, பாத்துக்கிடுங்க. பேட்ஜ்தான் எங்க தாத்தாது. ஓடுனது ஒங்க தாத்தா. வரலாறுன்னா உண்மை வேணும்லா?"

கல் வந்தது. நான்காவதாகச் சுப்பராயன். விழா மலரில் பீம்ராவ் எழுதினான்: "முதல் மேட்சில் நம் அணியின் அந்த ஒரே ரன்னை எடுத்தவர் யார் என்பது இன்றுவரை ஆய்வுக்குரியது."

திறப்பு விழாவில் அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். உண்மைக்காகச் சொந்தத் தாத்தாவின் பெயரையே விட்டுக்கொடுத்ததைப் பத்து நிமிடம் சொன்னார். பிறகு சுப்பராயன் தப்பான பக்கம் ஓடிய கதையை, மேடையிலேயே ஓடிக் காட்டினார். மணலியிலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எல்லாருக்கும் பிடித்துப்போய், இன்னொரு தடவை ஓடச் சொன்னார்கள்.

பீம்ராவின் மனைவி ரமாபாய் கல்லில் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"இன்னாய்யா, உங்க தாத்தா ரிவர்ஸ்லயா ஓடினாரு?"

ஜெயித்தோமா தோற்றோமா என்று பீம்ராவுக்கே விளங்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். மேடையில் அண்ணாச்சி மூன்றாம் முறையாக ஓடிக்கொண்டிருந்தார்.

"எப்டியோ ஓடி வந்து சேந்துட்டாரு" என்றான். "வுடு."