குனிந்தால் தெரியும் ஷூ

முடிவெட்டும் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்தால் கண்ணுக்கு என்ன தெரியும்? வெட்டுகிறவர் பக்கவாட்டில் வரும்போதெல்லாம் அவருடைய கால்தான் தெரியும். இவ்வளவு காலம் கடை நடத்தியும் என் வீட்டுக்காரருக்கு இது தோன்றவே இல்லை. ஒரு நாள் பின்கழுத்தைக் காட்டிக் குனிந்திருந்த தபால்காரர், "உங்க ஷூ வாயைப் பொளந்துக்கிட்டு என்னையே பாக்குதுங்க" என்று சொல்லிவிட்டார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே போய்க் கறுப்புத் தோல் ஷூ ஒன்று வாங்கி வந்தார்.

அதோடு விட்டிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? கறுப்புக்குத் துணையாகப் பழுப்பு வந்தது. பிறகு கணுக்காலை மூடும் பூட்ஸ் வந்தது. பழைய சாமான் கடையில் யாரோ கழித்துப் போட்ட ஜோடியைத் தூக்கி வந்து, அடித்தோல் தைத்ததா, வெறும் பசையில் ஒட்டியதா என்று வளைத்து வளைத்துப் பார்ப்பார். நான் வைத்தியர் நாடி பிடிக்கிறார் என்பேன். அலமாரியில் என் துணிமணி தட்டுத் தட்டாக இறங்கி, கடைசியில் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. நல்ல தோலை அடுத்தடுத்த நாள் போடக் கூடாதாம், ஈரம் காய அதற்கு ஒரு நாள் ஓய்வு வேண்டுமாம். கல்யாணமானதிலிருந்து எனக்கு ஓய்வு என்ற பேச்சே அந்த வாயில் வந்ததில்லை. அதைக் கேட்டால் காது கேட்காதவர் போல உட்கார்ந்து பாலிஷ் தேய்ப்பார்.

ஆனால் ஒன்று, ஷூ வந்த பிறகு மனிதர் நிற்கும் விதமே மாறிவிட்டது. கூன் போட்டுக் கத்தரி பிடித்தவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கடையின் பின்பக்கம் துண்டு மடித்துக்கொண்டே கண்ணாடியில் அவரைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் இன்னொரு ஜோடி வந்துவிடும்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் மகள் மரக்கடை முதலாளியின் மகனை விரும்புவதாகச் சொன்னாள். பையன் தங்கமானவன். ஒரு நாள் முடிவெட்ட வருகிற சாக்கில் வந்து இவரிடம் பெண் கேட்டுவிட்டுப் போனான். முரண்டு பிடித்தவர் அவனுடைய அப்பா. முடிவெட்டுகிறவர் வீட்டிலா சம்பந்தம் என்று கேட்டாராம். அவர் மனசாரச் சம்மதிக்காமல் கல்யாணமே வேண்டாம் என்று என் மகள் சொல்லிவிட்டாள். வேண்டாதவளாகப் போய் ஒரு வீட்டு வாசலில் நிற்க மாட்டாளாம். அந்த ரோஷம் அப்பனிடமிருந்து வந்தது. வாய் அப்படிச் சொன்னதே தவிர, பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியில் முதலாளியிடமிருந்து சேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு வருகிறேன், முடியும் வெட்டிக்கொள்கிறேன், பேசியும் பார்க்கிறேன் என்று.

இவர் அன்று வேறு யாரையும் கடைக்குள் விடவில்லை. இருப்பதிலேயே நல்ல பழுப்பு பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கடையிலேயே உட்கார்ந்து கடைசி நிமிஷம் வரை தேய்த்தார். இங்கேதான் வினை. ஷூ துடைக்க வாங்கிய குதிரைமுடி பிரஷ் ரொம்பப் பிடித்துப்போய், வாடிக்கையாளர் கழுத்தைத் தட்டவும் அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதே பிடி, அதே முடி. உலகத்தில் வேறு யாருக்காவது இந்த யோசனை வருமா?

முதலாளி வெள்ளைவெளேர் என்ற சட்டையில் வந்து உட்கார்ந்தார். இவர் வலது கிருதாவை முடித்துப் பின்கழுத்தைத் திருத்தினார். போர்வையைத் தளர்த்தி, பிரஷ்ஷை எடுத்து இரண்டு தட்டு தட்டினார். காது மடலிலிருந்து காலர் வரை பழுப்பாக ஒரு கோடு விழுந்தது.

நான் பார்த்துவிட்டேன். முதலாளி பார்க்கவில்லை. ஈரத்துண்டால் சத்தமில்லாமல் துடைத்திருக்கலாம். இவரோ பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டி, தப்பு நடந்துவிட்டது, இது ஷூ பிரஷ் என்று தானாகவே சொன்னார்.

முதலாளி எழுந்து கண்ணாடியில் காலரைப் பார்த்தார். முகம் சிவந்துபோனது.

"செருப்பும் கழுத்தும் உங்களுக்கு ஒண்ணுதான். இந்தத் தொழில் பண்ற வீட்ல வேற என்னத்தை எதிர்பாக்கறது?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மகள் முகம் கண்ணுக்குள் வந்தது. காலில் விழுந்தாவது சமாளியுங்களேன் என்று மனசுக்குள் இவரிடம் கெஞ்சினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் கெஞ்சினேன்.

இவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். குரல் உயரவில்லை.

"சட்டைக்கு மன்னிப்பு கேக்கறேன். கறை போகலேன்னா புதுசு எடுத்துத் தரேன். தொழிலுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேங்க. பொண்ணு விஷயத்தை நீங்க எப்படி வேணா முடிவு பண்ணுங்க. இப்ப உக்காருங்க, இடது பக்கம் பாக்கி இருக்கு. அரைகுறைத் தலையோட என் கடையிலேர்ந்து யாரும் வெளிய போனதில்ல."

முதலாளி மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பக்கம் கனவான், மறுபக்கம் கோமாளி. அப்படியே தெருவில் இறங்க முடியாது. முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். இவர் அவர் தலையைத் தொட்டு மெல்லக் குனிய வைத்தார்.

கத்தரி சத்தம் மட்டும் கேட்டது. குனிந்த தலை, இந்த பூட்ஸ் புதுசா என்று கேட்டது. இல்லைங்க, யாரோ வேண்டாம்னு தூக்கிப் போட்டது, தையல் நல்லா இருந்ததால் எடுத்துக்கொண்டேன் என்றார் இவர்.

மறுபடியும் கத்தரி சத்தம்.

"கல்யாணத்துக்கு உங்க மாப்பிள்ளைக்கு ஷூ எடுக்கணும்" என்றார் முதலாளி, தலையை நிமிர்த்தாமலே. "நீங்கதான் கூட வந்து பாத்துச் சொல்லணும்."

உங்க மாப்பிள்ளை என்றார். நான் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். என் வீட்டுக்காரர் அப்போதும் கத்தரியை நிறுத்தவில்லை. இரண்டு கிருதாவும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எதுக்குங்க அலையணும்? மாப்பிள்ளை பொண்ணு கேட்டு வந்த அன்னிக்கே காலைப் பாத்துட்டேன். எட்டாம் நம்பர், இடது கால் கொஞ்சம் அகலம். ஷூ வாங்கி அலமாரியில வச்சாச்சு."