அரிசித் தம்பி

என் கைக்குத் தெரியாத எடை கிடையாது என்று நான் பீற்றிக்கொள்வதுண்டு. தராசு பழுது பார்ப்பது என் தொழில். மளிகைக்கடை, நகைக்கடை, தபால் அலுவலகம் என்று எங்கெல்லாம் எடை போடுகிறார்களோ அங்கெல்லாம் எடைக்கல் பெட்டியோடு போவேன். பொய் சொல்லும் தராசைத் திருத்தி, அரசாங்க முத்திரைக்குத் தயார் செய்துவிட்டு வருவேன். கடைக்காரர்கள் முகத்துக்கு நேரே என்னை 'கிராம் சார்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத முடியாது. ஐந்து கிராமுக்காக ஒருவரோடு அரைமணி நேரம் மல்லுக்கு நிற்கிறவனை வேறு எப்படிச் சொல்வார்கள்?

அப்பேர்ப்பட்டவனுக்கு ஆயிரத்து முந்நூற்றுப் பத்து கிராமில் ஒரு மகன் பிறந்தான்.

ஏழாம் மாதம். என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது வலி வந்துவிட்டது. கொஞ்சமும் பதறாமல் அவரையே ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னாளாம். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, "கிளட்சை மெதுவா விடுங்க சார், மெதுவா" என்று பாடம் நடத்தியபடியே போயிருக்கிறாள். அவர் அடுத்த வாரமே லைசென்ஸ் வாங்கிவிட்டார். அதைவிடப் பெரிய பரீட்சை அவருக்கு வைக்க யாரால் முடியும்?

மகனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கில் ஒரு குழாய், பாதத்தில் ஒரு கம்பி, தலையில் என் கட்டைவிரலுக்குப் போடலாம் போன்ற ஒரு தொப்பி. அந்த வார்டை ஆட்டிவைத்த பெரிய நர்ஸ் எங்களிடம் சட்டத்தைச் சொன்னார்.

"ஆயிரத்து எண்ணூறு கிராம் வரணும். தானா பால் குடிக்கணும். அப்பதான் வீட்டுக்கு. அதுவரைக்கும் அம்மா இங்கயே பக்கத்து ரூம்ல இருக்கலாம். அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களை உள்ள விடமாட்டோம்."

கடைசி வாக்கியத்தில்தான் எங்கள் பிழைப்பு நாறியது. வீட்டில் மூத்தவள் ஒருத்தி இருந்தாள். இரண்டேமுக்கால் வயது. காகிதத்தில் அவளுக்கு ஓர் அழகான பெயர் உண்டு. கூப்பிடுவது 'வாலு' என்று. பகலில் மாடி வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். சாயங்காலத்திலிருந்து காலைவரை நான். இரட்டைப் பின்னல் போடத் தெரியாமல் ஒற்றைப் பின்னல் போட்டேன். அதுவும் வரவில்லை, ரப்பர் பேண்டு போட்டேன்.

மனைவி தினமும் போனில் கூப்பிடுவாள். போன் திரையில் அம்மா முகத்தைப் பார்த்ததும் வாலு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேலே ஏறி உட்கார்ந்துகொள்வாள். உள்ளேயிருந்து மனைவியின் குரல் மட்டும் கேட்கும்.

"ஏங்க, அவ என்னை மறந்துடுவாளா?"

"உனக்கென்ன பைத்தியமா? அம்மாவை யாராவது மறப்பாங்களா?"

சொல்வதென்னவோ தைரியமாகத்தான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான். மகன் எடை கூடவேண்டும், சீக்கிரம் கூடவேண்டும், இந்தப் பிள்ளை மனசு விட்டுப்போவதற்குள் கூடவேண்டும். அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே வேண்டுதல் அதுதான்.

ஒருநாள் வாலு கேட்டாள். "தம்பி எவ்ளோ பெரிசு?"

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். நம்பவில்லை. அவளுடைய செருப்புப் பெட்டியைக் காட்டினேன். அதற்கும் உதட்டைப் பிதுக்கினாள். வேறு எந்த அப்பனாக இருந்தாலும் ஒரு போட்டோவைக் காட்டிவிட்டுப் போயிருப்பான். நான் சமையலறைக்குப் போய், பழைய தலையணை உறையை வெட்டி ஒரு பை தைத்து, அதில் சரியாக அன்றைய எடைக்குச் சர்க்கரை கொட்டி, வாயை நாடாவால் கட்டி, அவள் மடியில் வைத்தேன்.

"இந்தா. தம்பி இவ்ளோதான்."

அவள் மூச்சுவிடாமல் அதைப் பிடித்துக்கொண்டாள். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் காலை, "தம்பிய எறும்பு தின்னுது!" என்று ஒரே கூச்சல். சர்க்கரையைக் கொட்டிவிட்டு அரிசி போட்டேன்.

அதன்பிறகு அதுவே எங்கள் வீட்டுச் சடங்காகிவிட்டது. சாயங்காலம் மனைவி போனில் அன்றைய எடையைச் சொல்வாள். பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த தராசில் பையை வைத்து நாடாவை அவிழ்ப்பேன். வாலு கரண்டியால் அரிசி போடுவாள். ஒவ்வொரு கரண்டிக்கும் என் முகத்தைப் பார்த்து, "போதுமா?" என்பாள். எண்ணைப் படிக்க அவளுக்குத் தெரியாது. நான் "போதும்" என்றால் நிறுத்துவாள்.

முதல் வாரம் மகனுக்கு எடை குறைந்தது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அது சகஜம்தான் என்றார் பெரிய நர்ஸ். எழுபது கிராம் அரிசியை நான் பையிலிருந்து வெளியே எடுக்கவேண்டி வந்தது. "தம்பியோட அரிசிய ஏன் எடுக்குற?" என்று என் கையைக் கடித்துவிட்டாள். பல் தடம் இரண்டு நாள் இருந்தது.

"அவன் இன்னும் வளரணும்டா. எடை கூடினாத்தான் அம்மா வீட்டுக்கு வருவாங்க" என்று சமாதானம் சொன்னேன். அவளுக்கு அது புரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். தராசு பார்ப்பவனுக்குப் பிள்ளையைப் பார்க்கத் தெரியவில்லை.

எப்படியோ ஐந்து வாரம் ஓடியது. ஆயிரத்து எண்ணூற்று இருபது. பெரிய நர்ஸ் கையெழுத்துப் போடும்போதே எச்சரித்தார்.

"அஞ்சு நாள் கழிச்சு கூட்டிட்டு வாங்க. எடை குறைஞ்சிருந்தா மறுபடியும் சேர்த்துக்க வேண்டியிருக்கும். சொல்லிட்டேன்."

வீட்டு வாசலில் மனைவி மகனை என் கையில் கொடுத்துவிட்டு, கீழே மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். வாலு அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். அங்கிருந்தபடியே என்னிடம் கேட்டாள்.

"அம்மா எப்பப் போவாங்க?"

அந்த ஐந்து வாரத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். எதுவும் என்னை இப்படி அறையவில்லை. மனைவி நீட்டிய கைகளை மடக்கி, முந்தானையைச் சரிசெய்கிறவள் போல எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நிஜத் தம்பியை வாலு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "என் தம்பி இங்க இருக்கான்" என்று பையைத் தட்டிக்காட்டினாள். மகன் அழுதால் பையின் இரண்டு மூலைகளையும் கையால் பொத்துவாள், காது வலிக்குமாம். மனைவி மகனை நெஞ்சோடு அணைத்துச் சாய்ந்திருந்தால், எதிர்மூலையில் இவளும் சட்டையைத் தூக்கிவிட்டு அரிசியை அணைத்துச் சாய்ந்திருப்பாள். சோறு ஊட்ட நான்தான் வேண்டும். தூங்கவைக்க நான்தான். அம்மா கூப்பிட்டால் பதில் கிடையாது.

எனக்கோ வேறு கிறுக்கு பிடித்திருந்தது. தராசு வீட்டிலேயே இருக்கிறதே, சும்மா இருக்க முடியுமா? காலையில் ஒருமுறை மகனைத் துணியெல்லாம் அவிழ்த்து எடை போட்டேன். பால் குடித்தபின் ஒருமுறை. ஈரத்துணி மாற்றியபின் ஒருமுறை. இப்படி ஒரு நாளைக்கு ஆறு தடவை. எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதல் நாள் ஆயிரத்து எண்ணூற்றுப் பதினைந்து. இரண்டாம் நாள் ஆயிரத்து எண்ணூறு. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆயிரத்து எழுநூற்று எண்பது.

"தராசு சரியா இருக்கா, பாருங்க" என்றாள் மனைவி.

யாராவது என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சண்டைக்குப் போவேன். அன்று போகவில்லை. எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன். தராசு அப்பழுக்கில்லாமல் இருந்தது. மகனை மறுபடியும் தட்டில் கிடத்தினேன். அதே எழுநூற்று எண்பது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நடுரோட்டில் லாரிக்காரனோடு வாய்ச்சண்டை போடுகிறவள், சத்தமில்லாமல் அழுதாள். "திரும்ப உள்ள சேர்க்கணும்னு சொல்வாங்க. நானும் போகணும். இந்தத் தடவை போனா இவ எனக்கு..."

தட்டில் கிடந்த மகனின் மேல் ஒரு துணியைப் போட்டு, ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு, எண்ணையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது வாலு வந்தாள். ஒரு கையில் அரிசித் தம்பி, இன்னொரு கையில் கரண்டி. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். நாடா முடிச்சு அவிழவில்லை, பல்லால் இழுத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு கரண்டி அரிசி அள்ளி, சிந்தாமல், தட்டில் மகனின் காலடியில் கொட்டினாள். எண் ஏறியது. என் முகத்தைப் பார்த்தாள்.

"போதுமா?"

இருபது வருடமாகத் தட்டில் விரலை அழுத்துகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அடியில் காந்தம் ஒட்டியவரை, ஈரப் பஞ்சு வைத்தவரை, எல்லோரையும் பிடித்திருக்கிறேன். கண்ணெதிரே இப்படி ஒரு கள்ள எடை ஏறும்போது தடுக்கத் தோன்றவில்லை.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

இன்னொரு கரண்டி. அடுத்தது. மகனின் பாதங்கள் அரிசிக்குள் புதைந்தன. அவன் என்னவோ கடற்கரையில் படுத்திருப்பவன் போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ஐந்து வாரம் இடுப்பைவிட்டு இறக்காத தம்பி, வாலுவின் கையில் தொளதொளவென்று சுருங்கிக்கொண்டே வந்தான். பைக்குள் எட்டிப் பார்த்தாள். உதடு ஒருமுறை துடித்தது. ஆனாலும் அள்ளுவதை நிறுத்தவில்லை.

பிறகு என்னை விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா வீட்டுக்கு வந்தபின் வாலு அவளிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"போதுமா?"

மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போதும்மா. போதும்."

"தம்பி வளந்துட்டானா?"

"வளந்துட்டான்டா."

"அப்ப நீ போக வேணாம்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா எப்பப் போவாங்க என்று அன்று வாசலில் கேட்டது, போகச் சொல்லி இல்லை. மறுபடியும் போய்விடுவாள் என்று பயந்து கேட்டிருக்கிறாள். திரும்பப் போகப்போகிறவளிடம் எதற்கு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சின்ன மண்டை கணக்குப் போட்டிருக்கிறது. நான் சொன்ன சமாதானம் ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குப் புரிந்திருக்கிறது.

"போகமாட்டேன். போனாலும் உன்னைக் கூட்டிட்டுத்தான் போவேன்" என்றாள் மனைவி. "இங்க வா."

வாலு கரண்டியைக் கீழே வைக்காமலேயே ஸ்டூலிலிருந்து இறங்கி, அம்மாவின் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கரண்டி மனைவியின் காதில் இடித்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் அரிசிக்குள் கிடந்த மகனைத் தூக்கித் துடைத்தேன். நானும் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மனைவிக்குப் பழைய குரல் வந்துவிட்டது. "முதல்ல இந்தத் தராசை வீட்டைவிட்டு வெளிய கொண்டுபோங்க. இன்னிக்கே. இப்பவே."

கொண்டுபோனேன். சுவரிலிருந்த காலண்டர் தாளையும் கிழித்தாள். மிச்ச அரிசியை என்ன செய்வது என்று எனக்குக் குழப்பம். தம்பி ஆயிற்றே? அவள் யோசிக்கவே இல்லை, எல்லாவற்றையும் கழுவி உலையில் போட்டுவிட்டாள். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. வாலு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், அம்மா கையால்.

அடுத்த இரண்டு நாளும் மூன்று பேரும் ஒரே போர்வைக்குள் கிடந்தார்கள். எண் தெரியாமல் எனக்குத் தலை வெடித்தது.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்த முறை வார்டு இல்லை, வெளி நோயாளிகள் அறை. அதனால் வாலுவையும் உள்ளே விட்டார்கள். பெரிய நர்ஸ் மகனைத் தட்டில் வைப்பதற்குமுன், வீட்டில் எப்படி இருந்தான் என்று விசாரித்தார். நான் பெருமையாக ஆறு தடவைக் கதையைச் சொன்னேன்.

"ஆறு தடவையா? அவுத்துப் போட்டா?" அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் முந்நூறு கிராம் குறைந்திருப்பேன். "குடிக்கிற பாலெல்லாம் உடம்பு சூட்டுக்கே செலவாயிடுமே சார்! வளர விட்டாத்தானே எடை கூடும்?"

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் பெரிய தண்டனை.

மகனைத் தட்டில் வைத்தார். எண்கள் ஓடி நின்றன. ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தைந்து.

"பதினைஞ்சு கிராம்தான் கூடியிருக்கு" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"கூடியிருக்கில்ல? போதும்" என்றார் பெரிய நர்ஸ். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

கீழே ஏதோ சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தேன். அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்த வாலு, இன்னொரு கையில் தயாராகத் தூக்கிப் பிடித்திருந்த கரண்டியைக் கவுன் பாக்கெட்டுக்குள் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள்.