தெருவே பார்க்காத முதல் அடி

அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை என்பது, சண்டை போடுகிறவர்களுக்கு விளங்குவதற்கு முன்பே எதிர்வீட்டுக்கு விளங்கிவிடும். மாடியில் தும்மினால் கீழே சலூனில் உட்கார்ந்திருப்பவர் மருந்து சொல்வார். அப்படிப்பட்ட ஓட்டை வாய்த் தெரு ஒரு குழந்தைக்காக வருஷக்கணக்கில் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். கட்ட வைத்தவள் தையலக்கா.

தையலக்காவின் கடை என்பது அவள் வீட்டின் முன்னறைதான். புதுத்துணி தைக்க மாட்டாள். பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது, பருத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. தெருவில் யார் எவ்வளவு பருத்தார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சு விட்டதில்லை.

அவள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு டிரைவர் பெண் குடியிருந்தாள். டவுன் பஸ் ஓட்டுகிறவள். புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருவது அபூர்வம். பிரசவ லீவு முடிந்த அன்று பையனைத் தையலக்காவின் மடியில் போட்டுவிட்டு, அழுதுகொண்டே யூனிஃபார்ம் பொத்தானை மாட்டிக்கொண்டு ஓடினாள். அவள் பஸ் தெருமுனை வழியாகத்தான் போகும். போகும்போதெல்லாம் இரண்டு சின்ன ஹாரன் அடிப்பாள். பையன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்புவான்.

"காரணமில்லாம ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு" என்பார் எதிர்ச் சலூன்காரர். சொல்லிவிட்டு, சோப்பு நுரையோடு ஒருவரைக் காக்க வைத்து, அவரும் கை காட்டுவார்.

முதலில் வந்தது பல். கஞ்சி ஊட்டும்போது கரண்டி எதிலோ பட்டுச் சத்தம் கேட்டது. தையலக்கா விரலை விட்டுப் பார்த்தாள். அரிசி நுனி மாதிரி ஒன்று குத்தியது. யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் டிரைவர் வந்ததும், "என்னமோ ரொம்ப எச்சில் வடிக்கறான், ஈறைத் தடவிப் பாரேன்" என்று மட்டும் சொன்னாள். மேலே போன டிரைவர் வந்த வேகத்தில் இறங்கி ஓடிவந்தாள். "அக்கா, பல்லு! நான்தான் மொதல்ல பாத்தேன்!"

"அப்படியா! காலைலகூட இல்லையேம்மா" என்றாள் தையலக்கா. பொய் இவ்வளவு இனிக்கும் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. இளவயசில் அவள் ஒரு துணி ஃபேக்டரியில் காலர் மட்டும் தைத்தாள். அவள் மகள் அதே ஃபேக்டரியின் குழந்தைகள் அறையில் கிடந்தாள். அங்கிருந்த ஆயா நல்லவள். தினமும் சாயங்காலம் சிரித்துக்கொண்டே சொல்வாள்: இன்னிக்கு உன் பொண்ணு குப்புற விழுந்துட்டா, இன்னிக்கு உன் பொண்ணு நடந்துட்டா. நடந்தாள் என்று கேட்ட அன்று, வீட்டுக்கு வந்து தையலக்கா மகளை நிற்க வைத்து நிற்க வைத்துப் பார்த்தாள். அது தூக்கம் வந்து அழுததே தவிர நடக்கவில்லை. மகளுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, எங்கேயோ தூரத்தில் சௌக்கியமாக இருக்கிறாள். ஆனாலும் அந்தச் சாயங்காலம் தையலக்காவின் நெஞ்சில் அப்படியே கிடந்தது. அந்த வயிற்றெரிச்சல் இன்னொருத்திக்கு வேண்டாம் என்று நினைத்தாள். அவ்வளவுதான்.

பையன் நடந்தது நட்டநடுப் பகலில், தெரு நிறைய ஆட்கள் இருக்கும்போது. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். முனையில் இரண்டு ஹாரன். கதவை விட்டான். ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தம் வந்த பக்கம் நடந்து, நான்காவதில் தொப்பென்று உட்கார்ந்தான். சலூனில் பாதி முகம் மழித்தவர் எழுந்து நின்று கைதட்டினார். மாடிகளில் இருந்தவர்களெல்லாம் கூச்சல் போட்டார்கள். தையலக்கா பையனை வாரி எடுத்துக்கொண்டு தெருவைப் பார்த்து முறைத்தாள்.

"யாரும் எதுவும் பாக்கல. புரியுதா? அவ வந்து பாக்கற வரைக்கும் இவன் நடக்கல!"

சாயங்காலம் டிரைவர் மாடியிலிருந்து, "நடந்துட்டான்! நடந்துட்டான்!" என்று கத்தினாள். தெருவே வாயைப் பிளந்தது. சலூன்காரர் நெஞ்சில் கை வைத்து, "ஐயையோ, நிஜமாவா!" என்று நாற்காலியில் சாய்ந்து, கொஞ்சம் அதிகப்படியாகவே நடித்துவிட்டார்.

பேச்சு வந்தபோதுதான் சிக்கல். தையலக்கா மிஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். பையன் அவள் முழங்காலைப் பிடித்து நிமிர்ந்து, தெளிவாக, "அம்மா" என்றான். அவள் மிதிப்பதை நிறுத்தினாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிறகு பயம் வந்தது. அடுத்தவள் சொத்தில் கை வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"நான் அம்மா இல்லடா கண்ணா. அம்மா பஸ்ல வருவா. நான் டக்கு. இதோ, டக் டக் டக்" என்று மிஷினை மிதித்துக் காட்டினாள். போனில் டிரைவரின் படத்தைக் காட்டி, "இதுதான் அம்மா" என்று தினமும் சொல்லிக் கொடுத்தாள். வாயில் வந்ததைப் பிடுங்கி இன்னொருத்திக்குக் கொடுப்பது லேசான காரியமில்லை. அதையும் செய்தாள். அன்றிலிருந்து அவள் பையனுக்கு டக்கு.

இப்படி ஒன்று விடாமல் கொடுத்தவளுக்குத்தான் அந்த நாள் வந்தது. டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு வாசலில் நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விளையாட்டுப் பள்ளி இருக்கு. அங்க விடலாம்னு இருக்கேன்."

"ஏம்மா, இங்க என்ன குறை?"

"குறையே இல்லக்கா. உங்களை மாதிரி யாரும் பாத்துக்க முடியாது. ஆனா..." சொல்ல முடியாமல் விரலைச் சொடுக்கிக்கொண்டாள். "உங்ககிட்ட இருக்கும்போது அவன் புதுசா ஒண்ணுமே செய்யறதில்லயே. பல்லு, நடை, பேச்சு, எல்லாமே சாயங்காலம் எங்கிட்ட வந்துதான். பகல் முழுக்கச் சும்மாவே கிடக்கறானோன்னு... நீங்களும் மிஷின்ல உக்காந்திருப்பீங்க, பாவம்."

எதிரே கத்தரிக்கோல் சத்தம் நின்றது. சலூன்காரர் தெருவைத் தாண்டி வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "ஏம்மா, உனக்கு ஒண்ணு சொல்லவா? இந்தப் பையன்..."

"தம்பி!" என்றாள் தையலக்கா. அந்த ஒரு சொல்லுக்கு அவர் வாய் மூடிக்கொண்டது.

உண்மையைச் சொன்னால் பையன் இங்கேயே இருப்பான். அது தையலக்காவுக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் அந்தப் பல்லும் நடையும் பேச்சும் இவளிடமிருந்து போய்விடும். அதுவும் தெரிந்தது.

"நல்லதுதாம்மா. நாலு பிள்ளைங்களோட சேர்ந்தா கத்துக்குவான்" என்றாள்.

பள்ளிக்குப் போன முதல் நாட்களில், தையலக்கா வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் பையன் கையை நீட்டி, "டக்கு, டக்கு" என்று அலறினான். அதனால் அந்த நேரம் பார்த்து அவள் உள்ளறைக்குப் போய் நின்றுகொண்டாள். அழுகைச் சத்தம் முனை திரும்பும் வரை நிற்பாள். மற்ற நேரத்திலும் அவன் கண்ணில் படாமலே பார்த்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் அழுகை குறைந்தது. அப்புறம் நின்றுபோனது. நின்றதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

மழைக்காலம் முடிந்து ஒரு சாயங்காலம், டிரைவர் கிழிந்த யூனிஃபார்ம் சட்டையைத் தைக்கக் கொண்டுவந்தாள். பையன் புது ஷூவோடு அவள் காலுக்குப் பின்னால் நின்றான்.

"இன்னிக்கு ஸ்கூல்ல இவன் பேரை இவனே முழுசா சொன்னானாம் அக்கா. மொதல் தடவையா. டெப்போல இருக்கும்போது வீடியோ அனுப்பிச்சாங்க." சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "சந்தோஷமாத்தான் இருந்தது. ஆனா மனசே ஆறல. நான் பாக்கலியே. உங்ககிட்ட இருந்தப்போ ஒண்ணுகூட நான் விட்டதில்ல, ஒண்ணுகூட..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். சட்டையைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. விடிந்ததும் போய்ப் பொழுது சாய்ந்து வருகிறவளுக்கு எல்லாமே கண்ணெதிரில் நடந்திருக்கிறது. அது எப்படி என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை.

"அக்கா," என்றாள் மெதுவாக. "இவன் மொதல்ல எப்போ நடந்தான்?"

தையலக்கா ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். "உங்கிட்ட வரத்தான் நடந்தான்" என்றாள். இந்த ஒன்று மட்டும் பொய்யில்லை.

"அம்மான்னு மொதல்ல யாரைக் கூப்பிட்டான்? சத்தியமா சொல்லுங்க."

தையலக்கா பையனைப் பார்த்துக் கையை நீட்டினாள். "டக்குகிட்ட வரியா கண்ணா?" மிஷினையும் ஒருமுறை மிதித்துக் காட்டினாள். டக் டக் டக். பையன் அவளைப் பார்த்தான். புது ஆளைப் பார்க்கிற பார்வை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தாயின் காலை இறுக்கிக் கட்டி, அவளுடைய காக்கி பேண்டில் முகத்தைப் புதைத்தான். "அம்மா, வா, போலாம்" என்றான்.

"பாத்தியா?" என்றாள் தையலக்கா. "உன்னைத்தான்."

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேறு எதுவும் கேட்கவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனாள்.

சலூன்காரர் தெருவைத் தாண்டி வந்து வாசலில் நின்றார். தையலக்கா ஊசியையும் நூலையும் அவரிடம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் கோத்துக் குடு தம்பி. எனக்குக் கண்ணு தெரியல."