மாஸ்டர் அளந்த மனை

தையல்கடைக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்குச் சட்டை தைத்தாலும் நாலு பக்கமும் கொஞ்சம் லூஸ் விடாமல் அவருக்குத் தூக்கம் வராது. "நாளைக்கு உடம்பு போட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டு வாடிக்கையாளரின் வாயை அடைத்துவிடுவார். நல்ல பழக்கம்தான், யார் இல்லை என்றது? மனை வாங்கி, வீடு கட்ட அனுமதி கேட்கப் போன இடத்தில் அல்லவா அது காலை வாரிவிட்டது!

கல்யாணமான நாளிலிருந்து கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில்தான் குடித்தனம். அடுப்புப் பக்கம் யாருடைய பேன்ட்டாவது தொங்கும். படுத்தால் தலைமாட்டில் துணிமூட்டை. புது வீட்டில் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று.

"கதவு சாத்திக்கிற மாதிரி எனக்குன்னு ஒரு ரூம். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

மாஸ்டரின் இஷ்டம், ஜன்னலோரம் வெட்டுமேஜை போட்ட ஒரு தையல் அறை.

மனையை அளக்க ஆள் அனுப்புகிறேன் என்றார் வீட்டுக்கு பிளான் போடும் இன்ஜினியர். மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அளவெடுக்கறது என் தொழில் சார். எனக்கே ஆள் அனுப்புறீங்களா?" கழுத்தில் கிடந்த டேப்போடு போய்த் தானே அளந்தார். கை சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில் நாலு பக்கமும் லூஸ் சேர்த்து எழுதிவிட்டது. பத்திரத்தைப் புரட்டாமல் இன்ஜினியரும் அதை நம்பி பிளான் போட்டாரே, அவரை என்ன சொல்ல!

அனுமதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியம்மா மனையை ஒரு முறை அளந்தார். பிளானைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"பேப்பர்ல இருக்கற நிலம் இங்க இல்லையே. மிச்சம் எங்க சார்?"

"அது... தையலுக்கு விட்டது மேடம்."

"யார் மனையில விட்டீங்க?"

சிரிப்பை அடக்கிக்கொண்டே அனுமதியை மறுத்தார். "வீட்டைச் சுத்தி காலி இடம் விட்டே ஆகணும். வீட்டைச் சின்னதாக்கி வேற பிளான் கொடுங்க."

கூட நின்ற மனைவி பிளானை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் மாஸ்டர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

மறுநாள் தனியாக இன்ஜினியரிடம் போனார். அவர் பென்சிலை எடுத்து நேராக மூலை அறையில் வைத்தார். "ஒரு ரூம் போயே ஆகணும் மாஸ்டர். இது யாருக்கு? வீட்டுக்காரம்மாவுக்குத்தானே? அடிச்சிடலாம்."

"பென்சிலை எடுங்க சார்." மாஸ்டரின் குரல் எகிறியது. "தப்பு பண்ணது யாரு, அவளா? என் தையல் ரூமை அடிங்க."

"தொழிலுக்கு?"

"பழைய கடை எங்கயும் ஓடிடல."

இந்தத் தடவை அனுமதி வந்துவிட்டது. முத்திரை குத்திய பிளானைத் துணி வெட்டும் மேஜையில் விரித்து மனைவி விரலால் தேடினாள். தன் அறை இருந்தது. தையல் அறையைக் காணோம். புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"ஜன்னலோரமா உங்க மேஜையை என் ரூம்ல போட்டுக்கங்க," என்றாள். "ஆனா கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வரணும்."

"என் வீட்லயே நான் தட்டணுமா?"

"வீடு உங்களுதுதான். ரூம் என்னுது."