மாப்பிள்ளைக்குத் தண்ணி ஆகாது

கல்லூரி ஆய்வகத்தின் ரசாயன அலமாரிக்குப் பொறுப்பானவள், மண்ணெண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் சோடியத்துக்கு வைத்த பட்டப்பெயர் 'மாப்பிள்ளை'. எண்ணெய்க்குள் இருக்கும்வரை பரம சாது; தண்ணீர் பட்டால் தீப்பிடித்து வெடிக்கும்.

அன்று மகளின் மாமியாரும் மருமகனும் வந்திருந்ததால் அவள் விடுப்பில் இருந்தாள். பாட்டிலில் எண்ணெய் குறைந்திருப்பதாக ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. முங்கும்வரை ஊற்றச் சொன்னாள். எண்ணெயா, தண்ணீரா என்று எதிர்முனையில் சரியாகக் கேட்கவில்லை போலும். சமையலறையிலிருந்தே குரலை உயர்த்தினாள்.

"மாப்பிள்ளைக்குத் தண்ணி ஆகவே ஆகாதுங்க! ஒரு சொட்டு போதும், அப்புறம் நம்ம கையில இல்ல. போன வாரமே லேசா ஆட்டம் காட்டினாரு, நான்தான் வெளிய சொல்லல."

கூடத்தில் சம்பந்தியம்மா மகன் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"எத்தனை நாளாடா இந்தப் பழக்கம்?"

மருமகன் தலையைத் தொங்கப்போட்டார்.

"சனிக்கிழமை மட்டும்தாம்மா."