மாடியில் கேட்ட அழுகை

அன்று கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி அழகம்மா, அவளுடைய அண்ணன் மணியம், அவர் குருணிலிருந்து அழைத்து வந்த பூசாரி சின்னையா. என் மகள் சுபாஷினி கூலிம் தொழிற்சாலையில் வேலையில் இருந்தாள். ஐந்தாவதாக ஒருவர் இருந்தார் என்று எங்கள் மலேசிய ஊரான லூனாஸில் பேசிக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கீழே எங்கள் மளிகைக் கடை, மேலே வீடு. மாடியின் பின்னறையில்தான் என் அப்பா இறந்தார். அவருடைய பதினாறாம் நாள் காரியத்தை இந்த ஊரே பார்க்கச் செய்தேன். பிறகு அந்த அறையை சுபாஷினி எடுத்துக்கொண்டாள். விதவிதமாய் ஒலி எழுப்பும் பழைய அனலாக் பெட்டிகளை வாங்கி வைத்துக் குமிழ்களைத் திருகுவாள். ஒரே சுருதி நீண்டுகொண்டே போகுமாம். அதன்மேல் ரேடியோ இரைச்சலைச் சேர்ப்பாளாம். பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டுதான் செய்வாள். எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்டதில்லை.

ஆகவே, அவள் வேலைக்குப் போன நாட்களில் பூட்டிய அறைக்குள்ளிருந்து உறுமல் கேட்கத் தொடங்கியபோது, யாரும் அவளை நினைக்கவில்லை. அலமாரியில் எண்ணெய்ப் போத்தல்கள் நடுங்கின. சாமான் வாங்க வந்தவர்கள் பாதியில் திரும்பினார்கள்.

"மாப்ளே, பெரியவருக்குக் காரியம் சரியா செய்யலன்னு பாசார் முழுக்கப் பேச்சு," என்றார் மணியம்.

"எவன் சொன்னான்?"

"எவன் சொல்லல லா?"

அதன் பிறகுதான் பூசாரிக்குச் சம்மதித்தேன்.

சின்னையா படிக்கட்டில் நின்று உடுக்கை அடித்தார். "யாரு நீ? சொல்லு," என்று அதட்டினார். உடுக்கையை நிறுத்தினார். ஆனால் உடுக்கைச் சத்தம் நிற்கவில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து அது திரும்பி வந்தது, மெதுவாக, அடித்தொண்டையில். பிறகு ஒரு குரல், பூமிக்கு அடியிலிருந்து வருவதுபோல, "யாரு நீ... சொல்லு..." என்று அவரையே கேட்டது.

சின்னையாவின் கையிலிருந்து உடுக்கை படியில் உருண்டது. செருப்பைக்கூட எடுக்காமல் தெருவுக்கு ஓடினார். மணியம் அவரைப் பிடிப்பதுபோல அவருக்கு முன்னால் ஓடினார். அழகம்மா அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்துவிட்டாள்.

நான் மட்டும் படியேறினேன். கதவில் நெற்றியை வைத்தேன். மரம் அதிர்ந்தது. "அப்பா, நான் என்ன குறை வச்சேன்?" என்றேன். கதவிடுக்கை ஒட்டி அப்படியே சரிந்து உட்கார்ந்தேன்.

சிறிது நேரத்தில் உள்ளே ஒரு கிழவர் அழத் தொடங்கினார். அப்பாவின் குரலேதான். தெருவில் கூடியிருந்தவர்களும் அதைக் கேட்டார்கள்.

சுபாஷினி வேலை முடிந்து வந்தபோது நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் கதவைத் திறந்தாள். உள்ளே பெட்டிகளில் சிறு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு மைக் கதவிடுக்கை நோக்கிக் கிடந்தது.

"பா, சாரி பா. ஸ்பீக்கர்ல போட்டா ரூமே சேர்ந்து பாடும், அதப் பதிவு பண்ணத்தான் வேலைக்குப் போறப்போ ஓட விட்டுட்டுப் போனேன். நீங்க கடையில இருக்கறப்போ கேக்காதுன்னு நெனச்சேன். மைக்ல விழறத இந்தப் பெட்டி மெதுவாக்கி, கட்டைக் குரலாக்கித் திரும்பத் திரும்பச் சொல்லும், அவ்ளோதான்."

பதிவைப் போட்டுக் காட்டினாள். உடுக்கை வந்தது, பூசாரி வந்தார், பிறகு அந்த அழுகை வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள்.

"அழிச்சிடவா பா?"

அதற்குள் மணியம் திரும்பி வந்திருந்தார். "மெஷின்னு சொன்னா எவன் நம்புவான்? மெஷின் அழுமா? பெரியவர் அழுதார்னு சின்னையா ஊரெல்லாம் சொல்லிட்டாரு."

"அழிக்காதே," என்றேன் மகளிடம்.

பெற்ற மகன் குறை வைத்ததால் என் அப்பா அந்த அறையில் அழுதார் என்று சொல்கிறார்கள். அப்பா அழவில்லை. அழுதது நான்.